கதவைத் தொறந்தா வர்ற காத்து

ராசா,

உன் கடிதாசியை வாசிச்சு முடிச்சதும் வாசல்ல வந்து நின்னு ஒரு மூச்சு நல்லா இழுத்து விட்டேன். வேற எதுவும் செய்யத் தோணல. பிள்ளை பால் குடிக்குது, மருமக மல்லிகா எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சிருச்சுன்னு நீ எழுதியிருந்த அந்த ரெண்டு வரியை மட்டும் உங்க அப்பாவுக்குத் திரும்பத் திரும்ப வாசிச்சுக் காட்டுனேன். அவரு மடிச்ச வெத்திலையை வாயில போடாம கையிலயே வச்சுக்கிட்டுக் கேட்டாரு. கடைசியில, "பிள்ளை நல்லா அழுவுதாமா?"ன்னு ஒரே கேள்வி. நீ இருக்கிற டயகம பூராவும் கேக்குற மாதிரி அழுவுதாம்னு சொல்லிட்டேன். நீ அப்படி எழுதல, நானாச் சேத்துக்கிட்டேன். மனுசன் அதுக்கப்புறம்தான் வெத்திலையை வாயில போட்டாரு. எனக்கும் நேத்து சாயங்காலத்துல இருந்து நெஞ்சு லேசாகி, கண்ணுல தண்ணி தானா வருது. சந்தோசத்துலதான் வருது, நீ ஒண்ணும் நெனைச்சுக்காத.

நீ எழுதுனதை நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாரு. மல்லிகாவைப் பாத்துக்க அவங்கம்மா உடப்புசல்லாவையில இருந்து வந்தாங்க. டயகமக் குளிரைப் பாத்துப் பயந்துபோயி, வாத்தியாருன்னு உனக்குக் குடுத்திருக்கிற வீட்டு ஜன்னலுக்குச் சாக்கு அடிச்சாங்க, கதவிடுக்குல பழந்துணியைத் திணிச்சாங்க, கட்டிலுக்குக் கீழ சட்டி நெறையத் தணலை வச்சாங்க. அவங்க பீலிக்குத் தண்ணி எடுக்கப் போன நேரம் நீ பள்ளிக்கூடத்துல இருந்து வந்திருக்க. கூப்பிட்டா சத்தம் இல்ல. உள்ள போயிப் பாத்தா மல்லிகாவும் பிள்ளையும் துவண்டு கெடந்தாங்க. ரெண்டு பேரையும் வாசலுக்குத் தூக்கிட்டு வந்து போட்டப்புறம்தான் பிள்ளை சிணுங்குச்சு. இப்ப சம்பந்தியம்மா அந்த வீட்டுல காத்து கருப்பு இருக்குன்னு சொல்லி, வர்ற வெள்ளிக்கிழமை தாயையும் பிள்ளையையும் உடப்புசல்லாவைக்குக் கூட்டிட்டுப் போகப் போறாங்க. அங்க போயி கதவைச் சாத்தி, தணல் வச்சு, பூசையும் போடுவாங்களாம். நீ கரிவாயுன்னு சொல்லிப் பாத்துட்ட, ஒட்சிசன்னு சொல்லிப் பாத்துட்ட. "கதவைத் தொறங்க, நல்ல காத்து வரட்டும்னு சொன்னேன்மா, அதுல இருந்து என்கிட்ட முகம் குடுத்தே பேசுறதில்ல"ன்னு எழுதியிருக்க. அந்த வரியை வாசிச்சப்ப எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, பயமும் வந்துச்சு. ஏன்னா அதே வார்த்தையைச் சொல்லி, அதனாலயே சாகப் பாத்தவ நான்.

இதை உனக்கு முழுசாச் சொன்னதில்ல. உன் தங்கச்சி லெட்சுமி பொறந்தப்ப நீ பெரிய லயத்து வரிசையில உங்க மாமா வீட்டுல இருந்த. நம்ம ஆளுகளுக்கு இந்த நாட்டுல பிரஜாவுரிமை இல்லைன்னு சொல்லி, காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக் களத்துல ஆளாளுக்குக் குசுகுசுன்னு பேசிக்கிட்டிருந்த காலம் அது. வெளிய அந்தக் கலக்கம், உள்ள எனக்குப் பச்ச ஒடம்பு. என்னைப் பாத்துக்கிட்டது உங்க அப்பாவோட அக்கா, உங்க மூக்காயி அத்தை. அவங்களைப் பத்தி இப்ப நான் சொல்லப்போறதை வச்சு நீ தப்பா எடை போடாத. பெத்த தாய்கூட அப்படிப் பாத்திருக்க மாட்டா. எனக்குப் பிள்ளை பெத்த காய மருந்து அரைச்சுக் குடுத்து, தலைக்குத் தண்ணி ஊத்தி, தன்னோட ஒரே கம்பளியை எனக்குப் போத்திவிட்டுட்டுத் தான் சாக்கைப் போத்திக்கிட்டுத் தேயிலைக் கொழுந்து கிள்ளப் போனவங்க.

நம்ம காம்பராதான் உனக்குத் தெரியுமே. ஒரு கதவு, கை நொழையுற அளவுக்கு ஒரு ஜன்னல், மேல தகரம். கந்தப்பளையில அப்ப அடைமழையும் காத்துமா அடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. அத்தை ஒரு ஓட்டை விடாம அடைச்சாங்க. ஜன்னலுக்குச் சாக்கு, கதவுக்குக் கீழ துணி, தகரத்துக்கும் செவருக்கும் நடுவுல இருந்த சந்துக்குச் சாணியும் மண்ணும் கொழைச்சுப் பூசுனாங்க. அடுப்புல தேயிலையைக் கவ்வாத்து வெட்டுன மிலாறுக் குச்சியை எரிச்சு, அந்தத் தணலைச் சட்டியில அள்ளிட்டு வந்து என் காலடியில வச்சாங்க. புகையிருந்தா பிள்ளைக்கு ஆகாதுன்னு, புகை அடங்குன தணலாப் பாத்துப் பாத்துத்தான் வச்சாங்க. புகை இல்லைன்னா ஆபத்து இல்லைன்னு நானும் நெனைச்சேன். கதகதன்னு இருந்துச்சு, சொகமாத்தான் இருந்துச்சு. மொத நாள்ல இருந்து மண்டை வலி மட்டும் விடல. பிள்ளை பெத்தவளுக்குத் தலவலி வராம என்னன்னு எல்லாரும் சொன்னாங்க. கன்னம் செவசெவன்னு இருக்கு, ஒடம்பு தேறிக்கிட்டு வருதுன்னு பக்கத்துக் காம்பராவுல இருந்து வந்து பாத்துட்டுப் போனாங்க.

ஒரு நாள் மத்தியானம் போல எனக்குக் கையும் காலும் வேற யாரோடதோ மாதிரி ஆயிருச்சு. பிள்ளை மார்ல கெடந்துச்சு, ஆனா குடிக்கல. எழுப்பிப் பாத்தேன், தலை தொங்குச்சு. நெஞ்சு மேல அம்மிக்கல்லைத் தூக்கி வச்சாப்புல ஒரு பாரம். அத்தை பக்கத்துலதான் இருந்தாங்க. என்னால முடிஞ்ச மட்டும் சொன்னேன், "மதினி, காத்து... கதவைத் தொறங்க, காத்து வரட்டும்."

உங்க அத்தை சத்தம் போடல. பக்கத்துக் காம்பராப் பொம்பளை ஒருத்தி வந்திருந்தா, அவகிட்ட மெதுவாச் சொன்னாங்க. "கேட்டியாடி, அதுவே வாய விட்டுச் சொல்லுது. வெளிய நிக்கிற காத்தை உள்ள வான்னு கூப்பிடுது." சொல்லிட்டு எந்திரிச்சுப் போயி கதவுக்குத் தாழ்ப்பாளைப் போட்டு, அதுல முதுகைக் குடுத்துச் சாஞ்சு நின்னுக்கிட்டாங்க. அந்தப் பொம்பளை தணல்ல இன்னொரு கை சாம்பிராணியை அள்ளிப் போட்டா, வேப்பங்கொழையை எடுத்து என் மூஞ்சியில வீசுனா. நான் காத்து காத்துன்னு சொல்லச் சொல்ல, அத்தை கதவை இன்னும் நெருக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. பிள்ளை என் கையில கெடக்குது, அதைக் காப்பாத்தத்தான் அவங்க கதவை அடைக்கிறாங்க, நானும் அதைக் காப்பாத்தத்தான் தொறக்கச் சொல்றேன். நடுவுல அந்த ஒரு வார்த்தை நின்னு எங்க ரெண்டு பேரையும் ஏமாத்திக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அப்ப வந்த பயம் இன்னமும் மறக்கல ராசா.

காப்பாத்துனது வெளிய அடிச்ச காத்துதான். நம்ம காம்பராவுக்கு மேல ஒரு தகரம் ஆணி கழண்டு ரொம்ப நாளா ஆடிக்கிட்டே இருந்துச்சு. தோட்டத்துல நின்னு வேலை வாங்குற கண்டாக்கையாகிட்ட எத்தனையோ தடவை சொல்லியும் அடிச்சுத் தரல. அன்னைக்கு அடிச்ச அடியில அது படார்னு மேல எந்திரிச்சு, பாதி மடிஞ்சு, அப்படியே நின்னுருச்சு. மழையும் குளிரும் மொகத்துல வந்து விழுந்துச்சு. கொஞ்ச நேரத்துல லெட்சுமி தும்முனா, அப்புறம் அழுதா. என் காதுக்கு அன்னைக்கு அதுதான் நாதஸ்வரம். உங்க அத்தை மேல நிமிந்து பாத்து, பெருமூச்சு விட்டு, பக்கத்துல நின்னவகிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? "பாத்தியா, இருக்க முடியாம கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு." அவங்க கணக்குக்கு அது சரியாத்தான் வந்துச்சு.

அதுக்குள்ள ஆள் போயிச் சொல்லி, உங்க அப்பா ஸ்டோர்ல இருந்து ஓடியாந்தாரு. தேயிலை ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற மேல்மாடியில அப்ப அவருக்கு வேலை. வந்ததும் சுத்தியலை எடுத்துக்கிட்டுச் செவர்ல ஏறிட்டாரு, தகரத்தை அடிக்க. "சீக்கிரம் அடிடா, போனது திரும்பி வந்துரும்"னு அத்தை கீழ நின்னு வெரட்டுறாங்க. "அடிக்காதீங்க"ன்னு நான் கெடந்த எடத்துல இருந்து சொல்றேன். மனுசன் அக்காவையும் பாக்குறாரு, என்னையும் பாக்குறாரு, மழையில நனைஞ்சுக்கிட்டுச் செவர் மேல உக்காந்திருக்காரு. "ஏன்டி, ஒழுகுமே, பிள்ளை நனைஞ்சிருமே"ன்னாரு. எனக்கு மறுபடி காத்துன்னு சொல்லப் பயமா இருந்துச்சு. சொன்னா திரும்பவும் கதவைச் சாத்திருவாங்க. அதனால, "மூச்சு முட்டுதுங்க"ன்னு சொன்னேன்.

உங்க அத்தை என் பக்கம் திரும்புனாங்க. அவங்களுக்கு இழுப்பு உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும். பனிக்காலம் வந்தா உக்காந்தபடியே விடியிற வரைக்கும் மூச்சுக்குப் போராடுனவங்க. "என்னடி சொல்ற, மூச்சு முட்டுதா? பிள்ளைக்குமா?" ஆமாம்னு தலையாட்டுனேன். "அடிப்பாவி, அதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன. காத்து காத்துன்னு எதையோ சொல்லிக்கிட்டுக் கெடந்தியே." அவ்வளவுதான். அவங்களே தாழ்ப்பாளை எடுத்துக் கதவை அகலத் தொறந்தாங்க. சட்டியை முந்தானையால புடிச்சுத் தூக்கிட்டுப் போயி வாசல்ல மழைத்தண்ணி ஓடுற கான்ல கவுத்துனாங்க. ஜன்னல் சாக்கையும் அவங்க கையாலயேதான் பிடுங்குனாங்க. நான் கேட்டதும் அதேதான், அவங்க இப்ப செஞ்சதும் அதேதான். வார்த்தை ஒண்ணுதான் மாறியிருந்துச்சு.

மறுநாள் தோட்டத்து டாக்டரையா வந்து பாத்துட்டுச் சொன்னாரு. அடைச்ச அறையில தணல் இருந்தா, நாம மூச்சுக்கு எடுக்குற பங்கை அதுவும் எடுத்துத் தின்னுரும், போதாக்குறைக்கு ஒரு விஷவாயுவையும் கக்கும், அதுக்கு நெறமும் இல்ல மணமும் இல்ல, அதனாலதான் புகையில்லாத தணலை நம்பி ஆளுக ஏமாந்துபோறாங்கன்னாரு. உங்க அப்பா அதைக் கேட்டுட்டு, ஸ்டோர்ல காத்தாடி நின்னுபோனா கொழுந்து குமிஞ்ச எடத்துலயே சூடேறிப் பாழாப்போகும்னும், உருட்டுன பச்சைக் கொழுந்து செப்பு நெறத்துக்கு மாறுறதும் காத்து பட்டுத்தான்னும் அக்காவுக்கு எடுத்துச் சொன்னாரு. "கொழுந்துக்குத் தொறந்து விடுற காத்தை எம் பிள்ளைக்கு அடைச்சுப்புட்டீங்களேக்கா"ன்னு லேசாக் கிண்டலும் பண்ணுனாரு. அத்தை அன்னைக்கு ராத்திரிக்கு லெட்சுமியைத் தன் மடியிலயே போட்டுக்கிட்டு இருந்தாங்க.

இதுக்கெல்லாம் பிறகு நீ கொஞ்சம் வளந்து, பள்ளிக்கூடத்துல வாத்தியார் செஞ்சு காட்டுனாருன்னு வீட்டுல வந்து செஞ்ச கூத்து உனக்கு ஞாபகம் இருக்கா? தட்டுல தண்ணி ஊத்தி, நடுவுல மெழுகுவத்தியைக் கொளுத்தி வச்சு, அப்பா தேத்தண்ணி குடிக்கிற கிளாசை மேல கவுத்துன. வெளிச்சம் சுருங்கி அணைஞ்சது, தண்ணி கிளாசுக்குள்ள ஏறுச்சு. காத்துல அஞ்சுல ஒரு பங்குதான் ஒட்சிசன், அதுலதான் நெருப்பும் எரியுது, நாமளும் உசுரோட இருக்கோம்னு நீ பெரிய மனுசன் மாதிரி வெளக்கம் சொன்ன. "மிச்சம் நாலு பங்கு என்ன செய்யுது?"ன்னு அத்தை கேட்டாங்க. "அது நைதரசன் அத்தை, சும்மா இருக்கும்"ன்ன. "நாலு பேரு சும்மா நிக்க ஒருத்தன் வேலை செய்யிறானா? அப்ப அதுவும் நம்ம தோட்டம்தான்"னு சொன்னாங்க பாரு, உங்க அப்பா சிரிச்ச சிரிப்புல புரை ஏறிருச்சு. நீ விடல. அந்த நாலும் சும்மா நிக்கிறதாலதான் அடுப்புல வச்ச நெருப்பு அடுப்போட நிக்குது, காத்து பூரா ஒட்சிசனா இருந்தா ஒரு தீக்குச்சி போதும், மலையே எரிஞ்சுபோகும்னு சொன்ன. அத்தை கொஞ்சம் யோசிச்சுட்டு, சரி, அப்ப கண்டாக்கு நிக்கிறதுக்கும் ஏதோ காரணம் இருக்கும்போலன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

இன்னொண்ணும் சொன்ன. நாம வெளிய விடுற மூச்சைத் தேயிலைச் செடி எடுத்துக்கிட்டு, வெயில்ல நின்னு, நல்ல காத்தாத் திருப்பிக் குடுக்குதுன்னு. அன்னைக்கு அதை நான் வெளையாட்டாத்தான் கேட்டேன். மறுநாள் மலையில கொழுந்து கிள்ளுறப்ப ஒரு நிமிசம் கையை நிறுத்திட்டுச் செடியைப் பாத்தேன். இத்தனை வருசம் இதுகிட்ட வாங்கிக்கிட்டே இருந்திருக்கோம், அதுவும் நம்மகிட்ட வாங்கியிருக்குன்னு நெனைச்சப்ப எனக்கு ஒரு நெறைவா இருந்துச்சு. இந்த நாட்டுல இருக்கலாமா கூடாதான்னு ஆளுக்கு ஆள் பேசுறாங்க. காத்து மட்டும் யாருகிட்டயும் அனுமதித் துண்டு கேக்காம உள்ள வந்துட்டுப் போகுது.

பின்னால எனக்குப் பிள்ளைக் காம்பராவுல ஆயம்மா வேலை கெடைச்சப்ப, தாய்மாரு கொழுந்துக்குப் போறப்ப விட்டுட்டுப் போற அத்தனை பச்சைப் பிள்ளைகளும் ஒரே அறையில கெடந்துச்சுக. ஜன்னலு ஆணி அடிச்சுக் கெடந்துச்சு. மொத வேலையா அந்த ஆணியைத்தான் பிடுங்குனேன். பிள்ளைக்குச் சளி பிடிக்கும்னு பொம்பளைக சண்டைக்கு வந்தாங்க. நான் காத்துன்னு ஒரு வார்த்தை பேசல. "பிள்ளைகளுக்கு மூச்சுக்கு வழி வேணும், ரெட்டைத் துணி சுத்திக் கொண்டாங்க"ன்னு மட்டும் சொன்னேன். ரெட்டைத் துணி சுத்திக் கொண்டாந்தாங்க. இன்னைக்கு வரைக்கும் அந்த ஜன்னல் தொறந்துதான் இருக்கு.

இப்ப உன் விசயத்துக்கு வர்றேன். நீ வாத்தியாரு, உனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லித்தர வேண்டியதில்ல. ஆனா சம்பந்தியம்மாகிட்ட நீ பேசுன பேச்சு எப்படி அவங்க காதுல விழுந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு. பேயடிச்ச வீடுன்னு அவங்க நடுங்கிக்கிட்டு இருக்காங்க, நீ போயி கதவைத் தொறந்து காத்தை உள்ள விடுங்கன்னு சொல்ற. மாப்பிள்ளைக்கே பிடிச்சிருச்சுபோலன்னு நெனைச்சிருப்பாங்க. அவங்க மேல கோவப்படாத. பிள்ளை குளிர்ல வெறைச்சுப் போகக் கூடாதுன்னு ராத்திரி முழுக்க முழிச்சிருந்து தணல் மாத்துனவங்க. அந்தக் கையாலதான் இப்படி ஆச்சுன்னு அவங்க தெரிஞ்சுக்கிட்டா நெஞ்சு வெடிச்சுருவாங்க, அதனால அதை யாரும் அவங்ககிட்ட சொல்லாதீங்க. மல்லிகாகிட்டயும் சொல்லி வையி. டயகமயும் நம்ம ஊரு மாதிரி உசரமான மலைதான். பூமிக்கு மேல கம்பளி மாதிரி காத்து போத்தியிருக்கு, மேல ஏற ஏற அந்தக் கம்பளி மெலிசாகுதுன்னு நீதான் எனக்குச் சொன்ன. பருப்பு வேக மாட்டேங்குதுன்னு மருமக சலிச்சுக்கிறதா எழுதியிருந்தியே, அதுவும் அதனாலதான்னு நீயே எழுதியிருந்த. காத்து மெலிசா இருக்கிற ஊருல இருக்கிறதையும் அடைச்சு வைக்கலாமா சொல்லு.

பூசை போடணும்னா போடட்டும், தடுக்காத. கதவைத் தொறந்து வச்சு, வாசல்ல போடச் சொல்லு. வேப்பங்கொழை கட்டணும்னா தொறந்த கதவு நிலையில கட்டட்டும், இன்னும் அழகா இருக்கும். தணல் மட்டும் அறைக்குள்ள வேண்டாம். அது டயகமயிலயும் வேண்டாம், உடப்புசல்லாவையிலயும் வேண்டாம்.

நான் இப்பவே ஓடி வந்திருப்பேன். பிள்ளைக் காம்பராவுல எனக்குப் பதிலா நிக்கிறவ சனிக்கிழமைதான் வர்றா, கைப்பிள்ளைகளை ஆளில்லாம விட்டுட்டு வர முடியல. அதனால இதைத் தபால்ல போடாம, டயகமப் பக்கம் போற லொறிக்காரத் தம்பி கையில குடுத்தனுப்புறேன். வெள்ளிக்கிழமை அவங்க கெளம்புறதுக்கு முன்னாடி, இன்னைக்குச் சாயங்காலமே உன் கைக்கு வந்துரும். வந்ததும் நீயா எதுவும் வெளக்காத. சம்பந்தியம்மா பக்கத்துல உக்காந்து, அவங்க இழுப்புக்காரவங்களா இருந்தாலும் இல்லைன்னாலும், அவங்க கையை எடுத்துப் பிள்ளை நெஞ்சு மேல வையி. அது ஏறி எறங்குறது அவங்க உள்ளங்கைக்குத் தெரியும். "அத்தை, அன்னைக்குப் பிள்ளைக்கு மூச்சு முட்டிருச்சு. மூச்சுக்கு வழி விடுவோம்"னு சொல்லு. அவ்வளவு போதும், வெள்ளிக்கிழமைப் பயணத்தையும் அவங்களே விட்டுருவாங்க. காத்துங்கிற வார்த்தையை நான் வர்ற வரைக்கும் அந்த வீட்டுல யாரும் வாயில எடுக்காதீங்க.

உங்க மூக்காயி அத்தை போன வருசம் போயிச் சேர்ற வரைக்கும், எந்தப் பிள்ளை பெத்த வீட்டுக்குப் போனாலும் பிள்ளையைப் பாக்குறதுக்கு முன்னாடி ஜன்னலைத்தான் பாப்பாங்க. இருந்திருந்தா இப்ப எனக்கு முன்னால அவங்க அங்க வந்து நின்னிருப்பாங்க. அவங்க கம்பளி என்கிட்டதான் இருக்கு. லெட்சுமியைச் சுத்துனதும் அதுலதான். தொவைச்சு வெயில்ல போட்டிருக்கேன், சனிக்கிழமை கொண்டாறேன். பிள்ளையை நல்லா அதுல சுத்திக்குவோம். எவ்வளவு குளிர்னாலும் குளிரட்டும். நான் வர்றப்ப உன் வீட்டுக் கதவைத் தட்டுற வேலை எனக்கு இருக்கக் கூடாது.

உன் அம்மா